உதவி டி செல் யார் பேச்சைக் கேட்கிறது?

மும்பை வடாலாவில் இருக்கும் ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை 1890-இல் தொடங்கப்பட்டது. மாட்டுங்கா, சயன், தாராவிப் பக்கம் குடியிருக்கும் தமிழர்களில் மூத்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். இளையவர்களுக்கு அது பஸ் போகும் வழியில் தென்படும் பழைய வளாகம், அவ்வளவுதான். உடலின் நோய் எதிர்ப்பை நடத்தும் உதவி டி செல்களைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டுத் தொழுநோயில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் செல்கள் எந்தத் திசையில் வளர்கின்றன என்பது ஒரு மனிதரின் நோயையே எப்படி மாற்றிப்போடும் என்பதை இவ்வளவு பட்டவர்த்தனமாகக் காட்டும் நோய்கள் மிகச் சில.

ஒரே கிருமி, இரண்டு நோயாளிகள். முதலாமவரின் முதுகில் நிறம் மங்கிய ஒரு திட்டு. தொட்டால் உணர்ச்சி இல்லை. அந்தத் தோலில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி கண்ணில் படுவதே அரிது. இரண்டாமவருக்கு முகத்திலும் காது மடலிலும் தோல் தடித்து முடிச்சு முடிச்சாக இருக்கிறது. அவருடைய தோலில் கிருமிகள் கோடிக்கணக்கில் மொய்க்கின்றன. முதலாமவரின் உடல் கிருமியை ஒரு மூலையில் மடக்கிவிட்டது. இரண்டாமவரின் உடல் அதற்கு வீட்டைத் திறந்துவிட்டது போலிருக்கிறது.

கிருமி வேறு வேறு ரகமோ என்று தோன்றலாம். இல்லை. தொழுநோய்க் கிருமிகளின் மரபணுத் தொகுதி உலகம் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒன்று இரண்டாகப் பெருகவே இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறிக் கிருமி அது. ஆய்வகத் தட்டில் வளர மறுக்கும். எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோவின் உடலிலும் வைத்துத்தான் வளர்த்தார்கள். இன்னொரு சங்கதி: இரண்டாமவருடைய எதிர்ப்புச் சக்தி தூங்கிக்கொண்டிருக்கவும் இல்லை. அவருடைய இரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது கிருமியைப் பிடிக்கும் புரதங்கள், முதலாமவரைவிட அதிகமாகவே இருக்கும். உடல் வேலை செய்கிறது, ஆனால் பயன்படாத வேலையைச் செய்கிறது. கிருமி செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆன்டிபாடியால் செல்லுக்குள் நுழைய முடியாது.

எந்த வேலையைச் செய்வது என்று தீர்மானிப்பவை உதவி டி செல்கள். அவற்றுக்கு அந்தத் தீர்மானத்தை ஊட்டுபவை சைட்டோகைன்கள் என்ற சிறு புரதங்கள்.

உதவி டி செல் தானாக எந்தக் கிருமியையும் விழுங்குவதில்லை. பொதுவாக நோயுற்ற செல்லைக் கொல்வதும் இல்லை. மற்றவர்களை வேலை வாங்குவதுதான் அதன் தொழில். ஆன்டிபாடி செய்யும் பி செல், நோயுற்ற செல்லைக் கொல்லும் டி செல், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் எல்லாம் இதன் சொல்லுக்குக் காத்திருக்கின்றன. தன் மேற்பரப்பில் சிடி4 என்ற புரதத்தைச் சுமப்பதால் இதற்குச் சிடி4 செல் என்றும் பெயர். எச்ஐவி குறிவைப்பது இதைத்தான். நலமான பெரியவர் ஒருவரின் இரத்தத்தில், ஒரு மைக்ரோ லிட்டருக்கு 500 முதல் 1500 வரை இந்தச் செல்கள் இருக்கும். எச்ஐவி தொற்றில் அது 200-க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் என்கிறோம். மற்ற செல்களெல்லாம் உடலில் இருந்தும், வேலை வாங்க ஆளில்லாததால் சாதாரணப் பூஞ்சைகூட உயிருக்கு ஆபத்தாகிறது.

இந்தச் செல் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். அங்கிருந்து கிளம்பி, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்கு வந்து சேர்கிறது. 1961-இல் ஜாக் மில்லர், பிறந்த கையோடு எலிக்குட்டிகளின் தைமஸை நீக்கிப் பார்த்து, அவற்றுக்கு எதிர்ப்பாற்றல் உருவாகாமல் போவதைக் காட்டினார். அதுவரை இதைப் பயனற்ற உறுப்பு என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

தைமஸுக்குள் நுழையும்போது அந்தச் செல் இன்னும் எதுவாகவும் ஆகவில்லை. பி செல்லாகக்கூட ஆகலாம். அங்கேயிருக்கும் செல்கள் தங்கள் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டுகின்றன. வந்த செல்லின் மேல் இருக்கும் நாட்ச் என்ற ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம், அதைத் தொடுகிறது. தொட்டதும் நாட்ச்சின் உட்பகுதி அறுபட்டு, செல்லின் உட்கருவுக்குள் போய், டி செல்லுக்கான மரபணுக்களை எழுப்புகிறது. 1999-இல் எலிகளில் நாட்ச்சை நீக்கிப் பார்த்தபோது தைமஸுக்குள் டி செல்களுக்குப் பதிலாக பி செல்கள் வளர்ந்தன. நாட்ச் தொட்டுச் சொல்லும் செய்தி. இன்டர்லூக்கின்-7 என்ற சைட்டோகைனோ சுரந்து பரவும் செய்தி. இளம் டி செல்கள் உயிரோடு இருக்கவும் பெருகவும் அது வேண்டும். அதைக் கேட்கும் ஏற்பி பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு டி செல்களே இருப்பதில்லை. பிறகு இந்தச் செல்களுக்குத் தேர்வுகள் நடக்கின்றன. சொந்த உடலையே கடுமையாகத் தாக்கக்கூடியவை அழிக்கப்படுகின்றன. எதையும் அடையாளம் காணத் தெரியாதவையும் செத்துப்போகின்றன. உள்ளே வந்தவற்றில் பெரும்பாலானவை வெளியே போவதில்லை. தேறியவற்றுள் ஒரு பகுதி கொல்லும் செல்லாகவும் ஒரு பகுதி உதவி செல்லாகவும் பிரிந்து இரத்தத்தில் கலக்கின்றன.

வெளியே வந்த உதவி செல்லுக்கும் இன்னும் தனி வேலை கிடையாது. இதை அனுபவமற்ற செல் என்பார்கள். பாடநூல்கள் பல இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கிருமி வந்தால் உதவி செல் தூண்டப்படும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. கதையே இங்கேதான் தொடங்குகிறது.

கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. தோலில் ஒரு கிருமி நுழைந்தால் டென்ட்ரிட்டிக் செல் என்ற காவல் செல் அதை விழுங்கி, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுவருகிறது. கிருமியின் துணுக்கைத் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கிறது. அந்தத் துணுக்குக்குப் பொருந்தும் ஏற்பியோடு ஒரு அனுபவமற்ற உதவி செல் அந்தப் பக்கம் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இது முதல் அறிகுறி: எதை எதிர்ப்பது என்பது தெரிந்துவிட்டது. டென்ட்ரிட்டிக் செல் உண்மையான ஆபத்தை உணர்ந்திருந்தால், உதவி செல்லின் சிடி28 என்ற புரதத்தைத் தொட்டு இரண்டாம் அறிகுறியையும் தருகிறது. இது இல்லாமல் முதலாவது மட்டும் வந்தால் உதவி செல் செயலற்றுப்போகும். சொந்த உடலின் துணுக்கைப் பார்த்துத் தவறாகக் கிளர்ந்துவிடாமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாடு. மூன்றாவதாக வருபவைதான் சைட்டோகைன்கள். எப்படி எதிர்ப்பது என்பதை அவை சொல்கின்றன.

திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்திறங்கிய இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் கைக்கு எந்த வேலையும் பழக்கமில்லை, எதையும் கற்றுக்கொள்வான். முதல் வாரம் தங்க இடம் கொடுத்த மாமா தோல் பட்டறையில் இருந்தால் அவனும் தோல் வேலைக்குப் போகிறான். இட்லி அவித்து விற்கும் அண்ணன் கூட்டிக்கொண்டு போனால் விடிகாலையில் மாவுப் பாத்திரத்தின் முன் நிற்கிறான். ஆள் அதே ஆள். முதலில் காதில் விழுந்த பேச்சு வேறு. உதவி செல்லும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு வேறுபாடு: அந்த இளைஞன் பிடிக்காவிட்டால் ஐந்து வருடம் கழித்துத் தொழிலை மாற்றிக்கொள்வான். செல்லுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சைட்டோகைன் ஒரு செல்லிலிருந்து கசிந்து வரும் புரதம். பெரும்பாலும் பக்கத்து செல்லோடு பேசுவதற்கே சுரக்கப்படுகிறது. சில உடல் முழுவதும் பரவும். காய்ச்சலின்போது வரும் உடல்வலிக்கும் பசியின்மைக்கும் இவைதான் காரணம். ஆனால் அது செல்லுக்குள் நுழைவதில்லை. வெளியே நிற்கும் புரதத்தின் பேச்சு உள்ளே இருக்கும் மரபணு வரை எப்படிப் போகிறது?

செல்லின் மேற்பரப்பில் அந்தச் சைட்டோகைனுக்கென்றே ஓர் ஏற்பி இருக்கிறது, பெரும்பாலும் இரண்டு துண்டுகளாக. சைட்டோகைன் வந்து அமர்ந்ததும் துண்டுகள் நெருங்குகின்றன. அவற்றின் உட்புற வால்களில் ஜாக் என்ற நொதிகள் தொற்றிக்கொண்டிருக்கின்றன. நெருங்கியதும் ஜாக்குகள் விழித்து, ஒன்றன் மீது ஒன்றும் ஏற்பியின் வாலிலும் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. ஒட்டிய இடத்தில் ஸ்டாட் என்ற புரதம் வந்து பொருந்துகிறது. அதன் மேலும் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. இப்படிக் குறியிடப்பட்ட ஸ்டாட்கள் இரண்டிரண்டாக இணைந்து உட்கருவுக்குள் நுழைந்து, குறிப்பிட்ட மரபணுக்களின் தலைமாட்டில் அமர்ந்து அவற்றை இயக்குகின்றன. இவ்வளவும் சில நிமிடங்களில் நடந்துவிடும். மனித உடலில் ஜாக் நான்கு வகை, ஸ்டாட் ஏழு வகை. பல பத்துச் சைட்டோகைன்கள் இந்தச் சின்னக் கூட்டத்தையே மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொள்கின்றன. நான் படித்த உயிரியலில் இவ்வளவு சிக்கனமான ஏற்பாடுகள் குறைவு.

இப்போது தொழுநோய்க் கிருமி போன்ற, செல்லுக்குள் ஒளியும் பாக்டீரியா ஒன்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டென்ட்ரிட்டிக் செல்லும் மேக்ரோஃபேஜும் இன்டர்லூக்கின்-12 என்ற சைட்டோகைனைச் சுரக்கின்றன. உதவி செல்லில் அது ஸ்டாட்4-ஐ எழுப்புகிறது. அங்கிருந்து டி-பெட் என்ற புரதம் மேலெழுகிறது. மரபணுக்களை இயக்கவும் அணைக்கவும் வல்ல தலைமைப் புரதம் அது. லோரி கிளிம்ச்சரின் ஆய்வகம் 2000-இல் கண்டுபிடித்தது. டி-பெட் ஆட்சிக்கு வந்த செல்லுக்கு டிஎச்1 என்று பெயர். அது இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கிறது. அந்தப் புரதம் மேக்ரோஃபேஜிடம் போய், நீ விழுங்கி வைத்திருப்பதைக் கொல் என்கிறது. அதுவரை கிருமியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திகைத்து நின்ற மேக்ரோஃபேஜ் அதன் பிறகுதான் அமிலத்தையும் நச்சு வேதிப்பொருள்களையும் அதன் மேல் கொட்டுகிறது.

அதே இன்டர்ஃபெரான் காமா, அதைச் சுரந்த உதவி செல்லின் காதிலும் விழுகிறது. அங்கே அது டி-பெட்டை இன்னும் கூட்டுகிறது. பக்கத்தில் இருக்கும் செல்கள் வேறு வழியில் போவதையும் தடுக்கிறது. சின்னச் சாய்வாகத் தொடங்கியது நாலைந்து நாளில் உறுதியான முடிவாகிவிடுவது இப்படித்தான்.

வேறு வழி என்றேன். குடற்புழு போன்ற பெரிய ஒட்டுண்ணியை எந்த மேக்ரோஃபேஜாலும் விழுங்க முடியாது. அதற்கு வேறு உத்தி வேண்டும். குடலின் உட்சுவர் சேதமாகும்போது அங்குள்ள செல்கள் அபாயப் புரதங்களை வெளியிடுகின்றன. சுற்றியுள்ள செல்களிலிருந்து இன்டர்லூக்கின்-4 கிடைக்கிறது. அது ஸ்டாட்6-ஐ எழுப்ப, காட்டா3 என்ற தலைமைப் புரதம் மேலெழுகிறது. செல் டிஎச்2 ஆகிறது. சளி கூடுகிறது, இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரள்கின்றன, ஐஜிஇ என்ற ஆன்டிபாடி உருவாகிறது. புழுவை வழுக்கித் தள்ளி வெளியேற்றும் வேலை இது. இதே ஏற்பாடு தூசிப்பூச்சியின் கழிவைப் பார்த்துக் கிளம்பிவிட்டால் ஆஸ்துமா. தூசிப்பூச்சிக்கு ஈரப்பதம் பிடிக்கும். சுவர் முழுக்க ஓதம் ஏறும் மும்பை மழைக்காலத்தைப் பற்றி நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டு வகைகளும் உண்டு என்பது 1986-இல் தெரியவந்தது. கலிஃபோர்னியாவில் டிம் மாஸ்மன், ராபர்ட் காஃப்மன் இருவரும் எலியின் உதவி செல்களைத் தனித்தனியே வளர்த்து, ஒவ்வொன்றும் எந்தச் சைட்டோகைனைச் சுரக்கிறது என்று அளந்தார்கள். ஒரு கூட்டம் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்தது, இன்னொரு கூட்டம் இன்டர்லூக்கின்-4-ஐச் சுரந்தது.

தொழுநோய்க்குத் திரும்பலாம். 1991-இல் ராபர்ட் மாட்லினின் குழு நோயாளிகளின் தோல் துணுக்குகளில் எந்தச் சைட்டோகைன் மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்தது. நிறம் மங்கிய ஒற்றைத் திட்டு உள்ளவர்களின் தோலில் இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூக்கின்-2. முடிச்சு முடிச்சாகத் தடித்தவர்களின் தோலில் இன்டர்லூக்கின்-4, 5, 10. அதே ஆண்டு பத்மினி சால்கமேயும் அவருடைய சகாக்களும் நோயாளிகளிடமிருந்து எடுத்து வளர்த்த டி செல்களிலும் இத்தகைய பிரிவையே கண்டார்கள். எலியில் கண்டது மனிதனிலும் இருக்கிறது என்பதற்கு இவை முதல் சான்றுகளில் சில. ஒருவர் உடலில் உதவி செல்கள் மேக்ரோஃபேஜைக் கொல்லச் சொல்கின்றன. மற்றவர் உடலில், எட்டாத இடத்தில் இருக்கும் கிருமிக்கு ஆன்டிபாடி செய்யச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

முழுக் கதையும் இதுவே என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான நோயாளிகள் இந்த இரு முனைகளுக்கும் நடுவில் எங்கோ இருப்பவர்கள். பரம்பரை மரபணுக்களுக்கும் பங்கு உண்டு. டிஎச்1 நல்லது, டிஎச்2 கெட்டது என்று முடிவுகட்டுவதும் தவறு. சிகிச்சையில் இருக்கும் தொழுநோயாளிக்குச் சில சமயம் திடீரென்று டிஎச்1 வகை எதிர்ப்பு பொங்கி எழும். திட்டுகள் சிவந்து வீங்கும். கிருமி நரம்புக்குள் இருப்பதால் தாக்குதலில் நரம்பும் சேர்ந்து அடிபடும். கை மடங்கிப்போகலாம், பாதம் தொங்கிவிடலாம். அப்போது மருத்துவர் எதிர்ப்பாற்றலைக் கூட்ட மருந்து தருவதில்லை, ஸ்டீராய்டு கொடுத்து அடக்குகிறார். கிருமி செய்ததைவிட, கிருமியைக் கொல்லப் போனவர்கள் செய்த சேதமே ஊனத்துக்குக் காரணமாவது உண்டு.

சயன் ஸ்டேஷன் பக்கம் எந்த மருந்துக்கடையில் ஏறினாலும் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று எழுதிய பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. கேட்டால், "வாங்கிக்கோங்க அண்ணா, எல்லாத்துக்கும் நல்லது" என்பார் கடைக்காரத் தம்பி. எதைக் கூட்டும்? டிஎச்1-ஐயா, டிஎச்2-ஐயா? ஆஸ்துமாக்காரருக்கு இரண்டாவதைக் கூட்டினால் மூச்சு வாங்கும். நரம்பு வீங்கிய தொழுநோயாளிக்கு முதலாவதைக் கூட்டினால் கை போகும். எதிர்ப்பாற்றலை லிட்டர் கணக்கில் அளப்பது போல ஒரு பேச்சு நம்மிடம் ஊறிவிட்டது. கூடவா குறையவா என்பதைவிட எந்தப் பக்கம் என்பதே பெரும்பாலும் கேட்க வேண்டிய கேள்வி.

எப்போது என்பதும் முக்கியம். லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியைப் பால்ப் என்ற எலி வகைக்குச் செலுத்தினால் அது டிஎச்2 வழியில் போய் இறக்கும். கருநிற எலி வகை ஒன்று டிஎச்1 வழியில் போய்ப் பிழைக்கும். பால்ப் எலிக்குத் தொற்றின் முதல் வாரத்திலேயே இன்டர்லூக்கின்-12 கொடுத்தால் அதுவும் பிழைத்துவிடுகிறது என்று 1993-இல் காட்டினார்கள். அதே மருந்தைத் தாமதமாகக் கொடுத்தால் பயனில்லை. காரணம் டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. நீளமான டிஎன்ஏ இழை புரத உருண்டைகளில் சுற்றியிருக்கிறது. டிஎச்2-ஆக முதிரும் செல்லில் இன்டர்ஃபெரான் காமாவின் மரபணு இருக்கும் பகுதி இறுக்கமாகச் சுற்றி மூடப்படுகிறது. இன்டர்லூக்கின்-4-இன் பகுதி தளர்ந்து திறக்கிறது. அதன் பிறகு ஸ்டாட்4 வந்தாலும் அமர இடமில்லை. செல் பிரியும்போது இந்தச் சுற்றும் மகள் செல்களுக்குப் போகிறது. இளைஞனைப் போலத் தொழில் மாற்றுவது கடினம் என்று முன்பு சொன்னது இதனால்தான். கடினமே தவிர, எப்போதும் முடியாதது அல்ல. சில வகைகள் சூழல் மாறினால் தாமும் மாறுகின்றன.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த இருவகைக் கணக்கை வைத்தே ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் விளக்கப் பார்த்தார்கள். அது உடைந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. எலிகளுக்கு மூளை நரம்புகளின் உறையைச் சொந்த உடலே தாக்கும் நோயை ஆய்வகத்தில் வரவழைக்கலாம். இன்டர்லூக்கின்-12 இரண்டு துண்டுகளால் ஆனது: பி35, பி40. பி40-ஐத் தடுத்தால் அந்த நோய் வரவில்லை. ஆகவே குற்றவாளி இன்டர்லூக்கின்-12, அதன் கையாள் டிஎச்1 என்று எழுதி முடித்தார்கள். ஆனால் பி35 இல்லாத எலிகளைச் சோதித்தபோது நோய் வந்தது, கடுமையாகவே வந்தது. இன்டர்லூக்கின்-12 இல்லாமலேயே நோய் எப்படி வரும்?

2000-இல் விடையின் முதல் பாதி கிடைத்தது. பி40 இன்னொரு துண்டோடும் சேர்கிறது. பி19 என்ற அந்தத் துண்டோடு சேர்ந்தால் கிடைப்பது இன்டர்லூக்கின்-23 என்ற வேறு சைட்டோகைன். பி40-ஐத் தடுத்தவர்கள் தெரியாமலேயே இரண்டையும் தடுத்திருந்தார்கள். 2003-இல் டேனியல் குவா குழு பி19 இல்லாத எலிகளுக்கு நோய் வரவில்லை என்று காட்டியது. குற்றவாளி இன்டர்லூக்கின்-23. அதன் துணையோடு வலுப்பெறும் உதவி செல்கள் டிஎச்1-உம் அல்ல, டிஎச்2-உம் அல்ல. இன்டர்லூக்கின்-17-ஐச் சுரக்கும் அவற்றுக்கு 2005-இல் டிஎச்17 என்று தனி இடம் கொடுத்தார்கள். நோய் உண்டாக்குவது இவற்றின் பிழைப்பு அல்ல. தோலிலும் சளிச்சவ்விலும் பூஞ்சைகளையும் சில பாக்டீரியாக்களையும் தடுக்க நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை வரவழைப்பது இவைதான்.

டிஎச்17-ஐ முதலில் உருவாக்குவது எது என்று தேடியபோது வந்த விடையை நம்பச் சிரமமாக இருந்திருக்கும். டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைன் அமைதிப்படுத்தும் செய்தியாகவே அறியப்பட்டிருந்தது. அது தனியாக வந்தால், இன்டர்லூக்கின்-2-இன் துணையோடு, உதவி செல்லில் ஃபாக்ஸ்பி3 என்ற தலைமைப் புரதம் எழுகிறது. அந்தச் செல் ஒழுங்குபடுத்தும் டி செல் ஆகி, மற்றவர்களை அடக்குகிறது. அதே டிஜிஎஃப்-பீட்டாவோடு இன்டர்லூக்கின்-6 சேர்ந்து வந்தால் ஃபாக்ஸ்பி3 அமுங்கி, ஆர்ஓஆர்-காமா-டி என்ற வேறு புரதம் எழுகிறது. அழற்சியைக் கிளப்பும் டிஎச்17 பிறக்கிறது. இதை 2006-இல் காட்டியவர்களுள் ஹார்வர்டில் ஆய்வு செய்யும் விஜய் குச்ரூவின் குழுவும் ஒன்று. யோசித்துப் பார்த்தால் நியாயம் புரிகிறது. இன்டர்லூக்கின்-6 காயமும் தொற்றும் இருக்கும் இடத்தில் பெருகுவது. அமைதியான குடலில் அது குறைவாக இருக்கும். அங்கே டிஜிஎஃப்-பீட்டாவைக் கேட்கும் செல், சாப்பாட்டையும் நல்ல பாக்டீரியாக்களையும் சகித்துக்கொள்ளும் வழியில் போகிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலமும் குடலில் தராசை அந்தப் பக்கம் சாய்க்கிறது.

அடக்கும் செல்கள் எல்லாமே இப்படி வழியில் உருவாவதில்லை. ஒரு பகுதி தைமஸிலிருந்தே அந்த வேலையோடு வருகிறது. அவற்றை 1995-இல் அடையாளம் காட்டியவர் ஷிமோன் சகாகுச்சி. ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்தவர்கள் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல். மூவருக்கும் 2025-இன் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்குச் சொந்த உடலே குடலையும் கணையத்தையும் தோலையும் தாக்குகிறது.

இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்லூக்கின்-6, 21 ஆகியவற்றின் பேச்சைக் கேட்டு பிசிஎல்6 என்ற புரதத்தின் ஆட்சிக்குப் போகும் உதவி செல்கள், நிணநீர் முடிச்சுக்குள்ளேயே தங்கி, பி செல்களைத் தரமான ஆன்டிபாடி செய்யப் பழக்குகின்றன. தடுப்பூசிகள் பலவற்றின் பலன் இவற்றைப் பொறுத்தது.

எலியில் மரபணுவை நீக்கிப் பார்க்கலாம், மனிதனில் முடியாது. ஆனால் இயற்கை சில சமயம் நீக்கிவிடுகிறது. உங்கள் இடது தோளுக்குக் கீழே பிசிஜி தழும்பு இருக்கும். இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு உடனே போடும் அந்த ஊசியில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள பாக்டீரியா. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் அதை ஒரு சின்னப் புண்ணோடு முடித்துவிடுகின்றன. இன்டர்லூக்கின்-12-ஐயோ இன்டர்ஃபெரான் காமாவையோ கேட்கும் ஏற்பி இல்லாமல் பிறந்த மிக அரிதான குழந்தைகளுக்கு அந்தப் பாக்டீரியாவே உடல் முழுக்கப் பரவிவிடுகிறது. கவனிக்க வேண்டியது, இந்தக் குழந்தைகள் மற்றப் பெரும்பாலான கிருமிகளைச் சமாளித்துவிடுகிறார்கள். ஒரே ஒரு பேச்சு கேட்காமல் போனதால் ஒரே ஒரு கதவு மட்டும் திறந்துகிடக்கிறது. இன்டர்லூக்கின்-6-இன் பேச்சை உள்ளே கொண்டுபோகும் ஸ்டாட்3 பழுதானவர்களின் கதை வேறு: அவர்களுக்கு டிஎச்17 செல்கள் உருவாவதில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் கட்டிகளும் கேண்டிடா பூஞ்சையும் அவர்களை விடாமல் தொல்லைப்படுத்துகின்றன. அந்த நோய்க்கு இந்த மரபணுவே காரணம் என்பது 2007-இல் தெரிந்தது.

இவ்வளவும் இன்று மருந்துச்சீட்டில் வந்து நிற்கிறது. சோரியாசிஸ் என்ற தோல் நோயில் டிஎச்17-இன் கை இருப்பதால், இன்டர்லூக்கின்-17-ஐப் பிடித்து முடக்கும் செக்யூகினுமாப், பி40-ஐப் பிடிக்கும் உஸ்டெகினுமாப் ஆகிய ஊசிகள் புழக்கத்தில் இருக்கின்றன. கடுமையான ஆஸ்துமாவுக்கும் எக்சிமாவுக்கும், இன்டர்லூக்கின்-4-ஐக் கேட்கும் ஏற்பியை அடைக்கும் டூபிலுமாப். மூட்டுவாதத்துக்கு, ஜாக் நொதிகளையே அடக்கும் டோஃபாசிட்டினிப் மாத்திரை. செக்யூகினுமாப் போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு வாயில் கேண்டிடா வருகிறது. ஸ்டாட்3 பழுதானவர்களைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. டோஃபாசிட்டினிப்போ, மேக்ரோஃபேஜும் டிஎச்1-உம் சுரக்கும் டிஎன்எஃப் என்ற சைட்டோகைனைத் தடுக்கும் ஊசியோ எழுதுவதற்கு முன், மூட்டுவாத மருத்துவர் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார். வந்தது மூட்டுவலிக்கு, நெஞ்சை ஏன் படம் பிடிக்கிறார்கள் என்று நோயாளி முணுமுணுப்பதும் உண்டு. நம்மில் பலருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி சிறுவயதிலேயே புகுந்து, டிஎச்1 செல்கள் தூண்டிவிட்ட மேக்ரோஃபேஜ்களின் வளையத்துக்குள் சத்தமில்லாமல் கிடக்கிறது. முழங்காலுக்காகக் கொடுக்கும் மருந்து அந்த வளையத்தையும் தளர்த்திவிடக்கூடும். பரிசோதனையில் அறிகுறி தெரிந்தால் முதலில் காசநோய்த் தடுப்பு மாத்திரையைத் தொடங்கிவிட்டு, சில வாரங்கள் கழித்தே ஊசி போடுவார்கள்.